கூலிக்கு மொழி உண்டா?

(பள்ளிப்பட்டில் நெசவுத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



தறியை நிறுத்திவிட்டு நேரே வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கரும்பு வெட்டிய கை காயாமல் வந்தவர்களும் இருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

டீக்கடையிலும் பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் ஒரு பேச்சு அடிபடுவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். "இந்தப் பக்கத்தில் நிலமெல்லாம் தெலுங்கு பேசுகிறவர்கள் கையில். தமிழன் ஏமாந்து போனான்" என்பது அந்தப் பேச்சு. பஸ் ஏறி நகரிப் பக்கம் போனால் அதே பேச்சு வேறு சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது. "இங்கே தறியெல்லாம் தமிழ் பேசுகிறவர்களுடையது. தெலுங்கன் அவர்களிடம் கூலிக்கு நிற்கிறான்" என்கிறார்கள். ஒரே நாளில் இரண்டையும் கேட்டவன் குழம்பித்தான் போவான். இரண்டு பேருமே ஏமாந்தவர்கள் என்றால் ஏமாற்றியவன் யார்? அவன் என்ன மொழி பேசினான்?

இதைத்தான் இன்று சேர்ந்து யோசிக்க வேண்டும். இரண்டு மொழி பேசும் மக்களின் வாழ்வை ஒப்பிட்டுப் பார்ப்பது தவறல்ல. பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நிறுக்கும் முன் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எல்லை வந்த கதை

நம் தாத்தா காலத்தில் இங்கே எல்லைக்கோடு கிடையாது. திருத்தணியும் பள்ளிப்பட்டும் புத்தூரும் கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்த சீமை. ஜமீன்தாருக்குக் குடிமக்களின் தாய்மொழியைப் பற்றிக் கவலையில்லை. தமிழ் பேசுகிற குடியானவனும் கிஸ்தி கட்டினான். தெலுங்கு பேசுகிற குடியானவனும் கட்டினான். 1911-ம் வருஷம் வெள்ளைக்கார சர்க்கார் வட ஆற்காட்டிலும் கடப்பையிலும் சில பகுதிகளை எடுத்துச் சித்தூர் ஜில்லாவை உண்டாக்கியது. நம் பகுதி அதில் சேர்ந்தது.

பிறகு மொழிவாரி மாகாணக் கிளர்ச்சி வந்தது. ஆந்திர மாகாணம் கேட்டு உண்ணாவிரதமிருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உயிர் நீத்தார். 1953 அக்டோபர் 1-ம் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தது. சித்தூர் ஜில்லா முழுவதும் அதில் போயிற்று. தமிழ் பேசும் தாலூகாக்களைத் திருப்பித் தர வேண்டும் என்று இங்கே ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் இன்னும் பலரும் போராடினார்கள். சிறை சென்றார்கள், உயிர் கொடுத்தவர்களும் உண்டு. கடைசியில் பட்டாஸ்கர் செய்த மத்தியஸ்தத்தின் பேரில் 1959-ல் பார்லிமெண்ட் சட்டம் நிறைவேற்றியது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை ராஜ்யத்துக்கு வந்தன. அதற்கு ஈடாகப் பொன்னேரி, திருவள்ளூர் தாலூகாக்களிலிருந்து சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின.

மொழிவாரி ராஜ்யம் நியாயமான கோரிக்கை. மனுவைத் தன் மொழியில் எழுத வேண்டும், கோர்ட்டில் பேசுவது தனக்குப் புரிய வேண்டும், பிள்ளை தன் மொழியில் படிக்க வேண்டும் என்று கேட்பது ஏழைக்குத்தான் அதிகம் தேவை. பணக்காரன் வக்கீல் வைத்துக்கொள்வான். அந்தப் போராட்டத்தில் நின்றவர்களை நாம் மதிக்கிறோம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1960-ல் எல்லைக்கல் நகர்ந்தது. நிலத்தின் பட்டா நகரவில்லை. மார்ச் 31 அன்று ஆந்திராவில் கூலியாக இருந்தவன் ஏப்ரல் 1 அன்று சென்னை ராஜ்யத்தில் கூலியாகவே எழுந்தான். நேற்றைய பண்ணையார் இன்றும் பண்ணையார். சத்தியவேட்டிலும் இதே கதைதான்.

தராசு எப்படி இருக்க வேண்டும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரே மொழி பேசும் இருபது குடும்பங்கள். ஒரு குடும்பத்துக்கு 40 ஏக்கர். மீதிப் பத்தொன்பது குடும்பங்களுக்கு ஒரு சென்ட்கூட இல்லை. கூட்டி வகுத்தால் குடும்பத்துக்கு 2 ஏக்கர் வருகிறது. "பாருங்கள், அந்த மொழிக்காரர்களுக்குத் தலைக்கு 2 ஏக்கர் இருக்கிறது" என்று மேடையில் ஒருவர் பேசுகிறார். அந்த 2 ஏக்கரைப் பத்தொன்பது பேரில் எவனாவது கண்ணால் கண்டானா?

"தெலுங்கர்கள் வசதியானவர்கள்", "தமிழர்கள் வசதியானவர்கள்" என்று சொல்லும்போதெல்லாம் இந்தக் கூட்டல் கழித்தல் வித்தைதான் நடக்கிறது. ஆகவே மொழியோடு மொழியை மட்டும் நிறுத்துப் பயனில்லை. தறிக்காரனுக்குப் பக்கத்தில் தறிக்காரனை வைக்க வேண்டும். கூலிக்காரனுக்குப் பக்கத்தில் கூலிக்காரனை வைக்க வேண்டும். பிறகு இருவரையும் அவரவர் மொழி பேசும் முதலாளிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எந்த இடைவெளி பெரியது என்று அப்போது தெரியும்.

தறியில்

முதலில் தறியைப் பார்ப்போம். பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம், அத்திமாஞ்சேரிப்பேட்டை எல்லாம் தறி ஓசையில் விழிக்கும் ஊர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியும் ஏகாம்பரகுப்பமும் புத்தூரும் அப்படியே. நகரியில் நெய்கிறவர்களில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம். மொழி எல்லையும் ராஜ்ய எல்லையும் ஒன்றல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இரு பக்கத்திலும் தொழில் நடக்கும் விதம் என்ன? நூல் ஒருவனுடையது. பாவு அவன் தருவது. நெய்த துணியை எடுப்பதும் அவனே. மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. தீபாவளிக்கோ பிள்ளையின் காதுகுத்துக்கோ வாங்கிய முன்பணம் கணக்கில் நிற்கிறது. முன்பணம் தீராதவரை வேறு தறிக்குப் போக முடியாது. தார் சுற்றுகிற பெண்ணின் உழைப்பு வீட்டு வேலையோடு வேலையாகப் போய்விடுகிறது. 2022-ல் நூல் விலை ஏறியபோது தறி நின்றது. நின்ற நாளுக்குக் கூலி இல்லை. நகரியில் நின்ற தறிக்கும் பள்ளிப்பட்டில் நின்ற தறிக்கும் சத்தத்தில் வித்தியாசம் இருந்ததா?

சர்க்கார் உதவிகளில் வித்தியாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. தமிழ்நாட்டில் 2023 முதல் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் மின்சாரமும் கைத்தறிக்கு 300 யூனிட்டும் இலவசம். ஆந்திராவில் 2019-ல் கைத்தறி நெசவாளருக்கு வருஷம் 24,000 ரூபாய் தரும் திட்டம் ஒன்று தொடங்கியது. "அவனுக்கு ரொக்கம், நமக்கு ஒன்றுமில்லை" என்று இங்கே பேசினார்கள். "அவனுக்கு இலவசக் கரண்ட், நமக்கு பில்" என்று அங்கே பேசினார்கள்.

இரண்டும் யார் கைக்குப் போயின என்று கேட்டோமா? இலவச மின்சாரம் மீட்டர் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. ஆந்திராவின் 24,000 ரூபாய் சொந்தத் தறி வைத்திருக்கும் கைத்தறி நெசவாளருக்கு. பிறத்தியார் கூடத்தில் விசைத்தறி ஓட்டும் கூலித் தொழிலாளிக்கு இங்கேயும் இல்லை; அங்கேயும் இல்லை. தறி உள்ள சிறு நெசவாளருக்குக் கிடைத்த உதவியை நாம் குறை கூறவில்லை. அது இன்னும் கிடைக்க வேண்டும். ஆனால் இரண்டு சர்க்காரும் இரண்டு மொழியில் போட்ட உத்தரவுகளில் கூலி நெசவாளி விட்டுப்போனது மட்டும் எப்படி ஒன்றாக இருக்கிறது? இதற்குப் பதில் சொல்ல எந்த மொழி அகராதியும் தேவையில்லை.

வயலிலும் ஆலையிலும்

வயலுக்கு வருவோம். 2005-ம் வருஷத்துச் சட்டப்படி நடந்த நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் மத்திய சர்க்கார் குறித்த தினக்கூலி தமிழ்நாட்டுக்கு 336 ரூபாய், ஆந்திராவுக்கு 307 ரூபாய். வித்தியாசம் 29 ரூபாய். இரண்டு டீக்குச் சரியாகிவிடும். இந்த 29 ரூபாயைக் காட்டி நாம் உயர்ந்தவர்கள் என்று மார்தட்ட முடியுமா? ஆனால் ஒப்பந்தக்காரன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வான். அந்தப் பக்கத்து ஆளை வண்டியில் ஏற்றி வந்து, "இவர்கள் குறைந்த கூலிக்கு வருகிறார்கள், உனக்கு இஷ்டமிருந்தால் நில்" என்று நம்மிடம் சொல்வான். நம் ஆளை அங்கே கொண்டுபோய் இதையே சொல்வான். அன்று மாலை நாம் யாரைத் திட்டுகிறோம்? வண்டியில் வந்த தெலுங்குக்காரனை. ஏற்றி வந்தவன் வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

இரு பக்கத்திலும் பெண்ணின் கூலி ஆணின் கூலியைவிடக் குறைவு. நாற்று நடும்போது இரண்டு மொழியிலும் பாடுகிறார்கள்; இரண்டு மொழியிலும் குறைத்தே வாங்குகிறார்கள்.

நிலம் யாருக்குப் போயிற்று? ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ல் வந்தது. ஜமீன்தாருக்கும் சர்க்காருக்கும் நடுவே பட்டா வாங்க வழி தெரிந்தவன் வாங்கினான். சேற்றில் நின்றவன் சேற்றிலேயே நின்றான். தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று வெள்ளைக்காரன் காலத்தில் ஒதுக்கிய பஞ்சமி நிலம் இங்கே எத்தனை பேர் கையில் கைமாறிக் கிடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆந்திராவில் ஏழைகளுக்குத் தந்த நிலத்தை விற்கவோ வாங்கவோ கூடாது என்று 1977-ல் சட்டம் போட்டார்கள். அதற்குப் பிறகும் அந்த நிலங்கள் கைமாறின. வாங்கியவன் பெரும்பாலும் விற்றவனுடைய மொழியையே பேசுகிறவன். சொந்த மொழி பேசுகிறான் என்பதற்காக ஒரு குழி நிலத்தைத் திருப்பிக் கொடுத்தவன் உண்டா?

கரும்பு போடுகிறவர்கள் சொல்லுங்கள். திருவாலங்காட்டில் கூட்டுறவு ஆலை இருக்கிறது. வெட்டு உத்தரவுக்கும் பணத்துக்கும் காத்திருக்கும் கதை உங்களுக்குப் பழக்கம். அந்தப் பக்கத்தில் சித்தூர் கூட்டுறவு ஆலையும் ரேணிகுண்டா பக்கத்து ஆலையும் மூடப்பட்டன. தெலுங்குக் கரும்பு விவசாயி வயலில் நின்றான். தெலுங்கு ஆலைத் தொழிலாளி வாசலில் நின்றான். சர்க்கரை ஆலையை மூடும்போது தாய்மொழி வந்து கதவைப் பிடித்துக்கொள்ளவில்லை.

1960-ல் நமக்கு ஈடாகப் போன சத்தியவேடு பக்கத்தில் இன்று ஸ்ரீசிட்டி என்ற பெரிய தொழிற்பேட்டை இருக்கிறது. காலை ஷிப்ட் பஸ்ஸில் தமிழ் பேசுகிறவனும் தெலுங்கு பேசுகிறவனும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போகிறார்கள். இருவரில் யார் நிரந்தரம், யார் காண்ட்ராக்ட் என்பதைத் தீர்மானிப்பது அவர்கள் பேசும் மொழியா?

மாம்பழமும் ஆறும்

சிறு விவசாயிகளை ஒருவரோடொருவர் மோத விடுவது எப்படி என்பதற்குச் சமீபத்திய உதாரணம் ஒன்று. 2025 ஜூனில் தோத்தாபுரி மாம்பழம், நாம் பெங்களூரா என்கிறோமே அது, விலை சரிந்தது. சித்தூர் ஜில்லாவில் கூழ் ஆலைகள் பழத்தை எடுக்கத் தயங்கின. ஆலை கிலோவுக்கு 8 ரூபாய் கொடுக்க வேண்டும், சர்க்கார் மேலே 4 ரூபாய் தரும் என்று ஆந்திர சர்க்கார் அறிவித்தது. அதோடு பிற மாநிலத்துத் தோத்தாபுரி ஜில்லாவுக்குள் வரக்கூடாது என்று தடை வந்தது. எல்லையில் பழ வண்டிகள் நிறுத்தப்பட்டன. கர்நாடக விவசாயியும் நம் விவசாயியும் ஆந்திர விவசாயியைச் சபித்தார்கள். அந்த ஆந்திர விவசாயியோ ஆலை வாசலில் நாள் கணக்கில் டிராக்டரோடு காத்துக் கிடந்தான்! விலையைச் சரித்தவர்கள் மரம் வைத்தவர்கள் அல்ல.

ஆறும் அப்படித்தான். நம் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே சித்தூர் ஜில்லாவில் இரண்டு இடங்களில் அணை கட்டப் போகிறார்கள் என்று 2022 ஆகஸ்டில் பிரச்னை எழுந்தது. தமிழ்நாட்டு முதல்வர் ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார். கீழ்மடையில் இருக்கும் நமக்குத் தண்ணீரில் பங்கு உண்டு; அதைக் கேட்பது நியாயம். ஆனால் அந்தப் பக்கத்துச் சிறு விவசாயிக்கும் கிணறு வற்றியிருக்கிறது என்பதை மறந்து கேட்டால் நம் கேள்வி பாதியாகிவிடும். மழைக்காலத்தில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் நம் தரைப்பாலங்கள் மூழ்குகின்றன. கோடையில் இரு கரையிலும் மணல் மட்டும் இருக்கிறது. அந்த மணலையும் இரவோடு இரவாக லாரியில் ஏற்றுகிறவனுக்கு இரண்டு மொழியும் சரளமாக வருகிறது!

சேஷாசலம் காட்டில்

ஒரு துக்கமான விஷயத்தையும் பேசாமல் விட முடியாது. 2015 ஏப்ரல் 7-ம் தேதி திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி இருபது தமிழர்களை ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் ஜில்லாக்களைச் சேர்ந்தவர்கள். பலர் மலைவாழ் மக்கள். நிலமில்லை, மலையில் வேலையில்லை. நாள் கூலிக்குக் கோடாரி பிடிக்கப் போனவர்கள்.

தமிழனைத் தெலுங்கன் கொன்றான் என்று அன்று சொன்னார்கள். கோபம் நியாயமானது, நமக்கும் நெஞ்சு கொதித்தது. ஆனால் இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள். கொன்றது குற்றம் என்று ஹைதராபாத் ஹைகோர்ட்டுக்குப் போனவர்களில் ஆந்திரத்தின் சிவில் உரிமைக் கமிட்டிக்காரர்கள் உண்டு. தெலுங்கு பேசுகிறவர்கள், முன்பின் தெரியாத தமிழ்க் கூலிகளுக்காக வழக்காடினார்கள். இது ஒன்று. அந்த மரம் கடல் கடந்து போய் லட்சக்கணக்கில் விற்கிறது. அதை வாங்கி விற்கும் கடத்தல் கும்பலில் தமிழ் பேசுகிறவனும் உண்டு, தெலுங்கு பேசுகிறவனும் உண்டு. அவர்கள் சண்டையில்லாமல் கூட்டாக வேலை செய்கிறார்கள். இது இரண்டாவது. முதலாளிகள் கண்டுபிடித்த இந்த ஐக்கியத்தை நாம் ஏன் கண்டுபிடிக்கவில்லை?

நம் மொழி பேசுகிறவன் நம்மைக் காப்பான் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு கேள்வி. 1985 ஜூலையில் ஆந்திராவில் காரம்சேடு கிராமத்தில் தெலுங்கு பேசும் மாதிகர்களை வெட்டிச் சாய்த்தவர்கள் தெலுங்கு பேசும் நிலச்சுவான்தார்கள். 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 பேர் குடிசையில் எரிந்தார்கள். அரைப்படி நெல் கூடக் கேட்டது அவர்கள் செய்த குற்றம். அங்கே மிராசுதார் சங்கத் தலைவர் நாயுடு என்பதை வைத்து அதையும் மொழிச் சண்டையாகக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சங்கத்தில் பல சாதி மிராசுதார்கள் இருந்தார்கள். தமிழ் மிராசுதார் எவரும் செங்கொடியை இறக்கச் சொல்லாமல் இருக்கவில்லை. நெல்லைக் காப்பாற்ற அவர்கள் மொழி பார்க்காமல் சேர்ந்தார்கள்.

உண்மையான வேற்றுமைகள்

அப்படியானால் வேற்றுமையே இல்லையா? இருக்கிறது. அதை மூடி மறைத்தால் ஐக்கியம் வராது.

முதலாவது, பள்ளிக்கூடம். சிறுபான்மை மொழி பேசும் குழந்தைக்கு ஆரம்பக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வேண்டும் என்று 1956-லேயே அரசியல் சட்டத்தில் 350ஏ பிரிவைச் சேர்த்தார்கள். ஆனால் ஆந்திரப் பக்கத்தில் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் வாத்தியாரும் தமிழ்ப் புத்தகமும் கிடைப்பது பெரும்பாடு. நம் பக்கத்தில் 2006-ம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகு எல்லோரும் தமிழ் படிக்க வேண்டும். இங்கே வாழும் பிள்ளை தமிழ் படிப்பது அதற்கே நல்லது. ஆனால் கூடவே தெலுங்கும் படிக்க வாத்தியார் வேண்டும் என்று ஒரு தெலுங்குத் தாய் கேட்டால் அதை யார் எடுத்துச் சொல்வது? அவள் மொழி பேசும் பண்ணையார் சொல்ல மாட்டார். அவர் பிள்ளை இங்கிலீஷ் பள்ளிக்குப் போகிறது. அந்தக் கோரிக்கையை இங்கே பெரும்பான்மையாக இருக்கும் தமிழ்த் தொழிலாளிதான் எழுப்ப வேண்டும். நகரியில் தமிழ்ப் பிள்ளைக்காகத் தெலுங்குத் தொழிலாளி எழுப்ப வேண்டும். இப்படிச் செய்யும் நாளில்தான் ஒருவரையொருவர் நம்புவோம்.

இரண்டாவது, சாதி. இங்கே தெலுங்கு பேசும் அருந்ததியரைப் பாருங்கள். ரெட்டியாரும் தெலுங்கு, அருந்ததியரும் தெலுங்கு. அந்த உறவுக்காக யாராவது திண்ணையில் உட்கார வைத்தார்களா? தாழ்த்தப்பட்டோருக்குள்ளும் கடைசியில் நின்றதால்தான் தமிழ்நாட்டில் 2009-ல் அருந்ததியருக்கு 3 சதவிகித உள் ஒதுக்கீடு வந்தது. ஆந்திராவில் மாதிகர்கள் இதையே கேட்டுப் பல வருஷம் போராடினார்கள். 2004-ல் சுப்ரீம் கோர்ட் மறுத்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று அதே கோர்ட் உள் ஒதுக்கீடு செல்லும் என்றது. ஒரே நோவுக்கு இரண்டு பக்கமும் ஒரே மருந்தைத் தேடியிருக்கிறார்கள்.

மூன்றாவது, எல்லோருக்கும் கீழே இருத்தப்பட்டவர்கள். நம் பக்கத்தில் இருளர். அந்தப் பக்கத்தில் ஏனாதிகள். இருவரும் வயலில் எலி பிடிப்பார்கள், மீன் பிடிப்பார்கள், சூளையிலும் தோப்பிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு வேலை செய்வார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆயினும் 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் ஜில்லாக்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 இருளர்களை அதிகாரிகள் மீட்டார்கள். ஒரு பெரியவர் அதிகாரியின் காலில் விழுந்த படத்தைப் பத்திரிகையில் பார்த்தோம். தமிழரைத் தமிழரே கட்டி வைத்திருந்தார்கள்.

எல்லைக்கோடு இவர்களை என்ன செய்கிறது பாருங்கள். இருளரை மத்திய சர்க்கார் மிகவும் பின்தங்கிய பழங்குடிப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆகவே 2023 நவம்பரில் தொடங்கிய வீட்டுத் திட்டம் அவர்களுக்கு உண்டு. ஏனாதிகள் பழங்குடிதான்; ஆனால் அந்தத் தனிப் பட்டியலில் இல்லை. குடிசை ஒன்று, பசி ஒன்று, பட்டியல் இரண்டு. இங்கேயும் சாதிச் சான்றிதழ் வாங்க ஒரு இருளர் எத்தனை நடை நடக்கிறார் என்பதைக் கேட்டுப் பாருங்கள். தமிழர் தாழ்ந்தாரா தெலுங்கர் தாழ்ந்தாரா என்று நாம் வாதம் செய்யும்போது, இருவரும் சேர்ந்து யாரைக் கீழே தள்ளி வைத்திருக்கிறோம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்வி நமக்கும் உறைக்கட்டும்.

இலங்கை சொல்லும் பாடம்

இரண்டு இனத்தின் ஏழைகளை மோத விட்டால் என்ன ஆகும் என்பதை இலங்கை காட்டியிருக்கிறது. 1840-ல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டு, கண்டிச் சிங்களக் குடியானவன் பத்திரம் காட்ட முடியாத மேட்டு நிலத்தையெல்லாம் சர்க்கார் நிலம் என்றான். அதைக் காப்பித் தோட்டக்காரனுக்கு விற்றான். நம் ஜில்லாக்களிலிருந்து தமிழ்க் கூலிகளைக் கொண்டுபோய் வேலை வாங்கினான். காப்பி போய்த் தேயிலை வந்தது. நிலத்தை இழந்தவன் சிங்களவன். லயன் அறையில் அடைபட்டவன் தமிழன். சிங்களவனிடம், "உன் நிலத்தை எடுத்தவன் அந்தத் தமிழன்" என்று காட்டினார்கள்.

1948-ல் சுதந்திரம் கிடைத்த வருஷமே தோட்டத் தொழிலாளர்களின் பிரஜா உரிமை பறிபோயிற்று. 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கு பிரித்தார்கள். சிங்கள ஏழையின் பசி அதனால் தீர்ந்ததா? 1971 ஏப்ரலில் வேலையில்லாத சிங்களக் கிராமத்து இளைஞர்கள் கிளர்ந்தெழுந்தபோது அவர்களை ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளியது சிங்கள சர்க்கார்தான். தமிழ்த் தொழிலாளியின் ஓட்டைப் பறித்த நாளில் சும்மா இருந்த சிங்களத் தொழிலாளி, தன் பலத்தில் பாதியையும் அன்றே இழந்திருந்தான்.

1870-ல் மார்க்ஸ் ஒரு கடிதத்தில் இங்கிலீஷ் தொழிலாளியையும் ஐரிஷ் தொழிலாளியையும் பற்றி எழுதினார். தன் கூலியைக் குறைக்க வந்த போட்டிக்காரன் என்று இவன் அவனை வெறுக்கிறான். ஆளுகிறவனின் கையாள் என்று அவன் இவனை வெறுக்கிறான். ஸ்தாபனம் இருந்தும் இங்கிலீஷ் தொழிலாளி பலமற்றுக் கிடக்கும் ரகசியம் இந்த வெறுப்பில் இருக்கிறது என்று அவர் கண்டார். 150 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நம் ஊர் டீக்கடைப் பேச்சைக் கேட்டே எழுதியது போலிருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

பேச்சை முடிக்கும் முன் வேலைக்கு வருவோம்.

முதலில், நெசவுக் கூலி. பள்ளிப்பட்டில் ஒரு ரகத்துக்கு மீட்டருக்கு என்ன கூலி, நகரியில் அதே ரகத்துக்கு என்ன கூலி என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நூல் வியாபாரிக்குத் தெரியும். அதை வைத்துத்தான் அவன் இரு பக்கமும் குறைக்கிறான். ஒவ்வொரு ரகத்துக்கும் இரண்டு பக்கத்துக் கூலியையும் ஒரு நோட்டில் எழுதுவோம். தமிழிலும் தெலுங்கிலும் எழுதுவோம். எது கூடுதலோ அதுவே இரு பக்கத்துக்கும் கூலி என்று கேட்போம்.

இரண்டாவது, அறுவடைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஆள் வரும்போது வந்தவனை விரட்டாதீர்கள். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, என்ன கூலி பேசி அழைத்து வந்தார்கள் என்று கேளுங்கள். நம் கூலிக்குக் குறைந்து வேலை செய்ய வேண்டாம், நம்மோடு நில்லுங்கள் என்று சொல்லுங்கள். நாம் அங்கே போகும்போது அவர்கள் சொல்லும் கூலிக்குக் கீழே நாமும் இறங்கக் கூடாது.

மூன்றாவது, சங்கத்தின் நோட்டீஸ் இரண்டு மொழியிலும் வரட்டும். கூட்டத்தில் தெலுங்கில் பேசுகிறவரைப் பேச விடுங்கள். புரியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் சொல்லட்டும். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலை ஏறுகிற காவடிகளில் பல ஆந்திராவிலிருந்து வருகின்றன. படியேறும்போது எந்த மொழியில் அரோகரா சொன்னான் என்று யாரும் கேட்பதில்லை. சம்பள நாளில் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

நான்காவது, இருளர் குடியிருப்புக்குப் போவோம். சான்றிதழ், பட்டா, முன்பணக் கணக்கு இந்த மூன்றையும் எழுதி எடுத்துக்கொண்டு தாலூகா ஆபீசுக்கு அவர்களோடு நடப்போம். கடைசியில் இருக்கிறவன் கூலி உயராமல் நம் கூலி நிலைக்காது. குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும் வரை முதலாளி அவனைத்தான் தேடுவான்.

தோழர்களே! தறியைத் தமிழில் தறி என்கிறோம். தெலுங்கில் மக்கம் என்கிறார்கள். கடனை அவர்கள் அப்பு என்கிறார்கள். சொற்கள் பல வேறு. ஆனால் ஒரு சொல்லை இருவரும் ஒரே மாதிரி சொல்கிறோம். இங்கேயும் கூலி, அங்கேயும் கூலி. எல்லை போட்டவர்களால் அந்தச் சொல்லை இரண்டாக வெட்ட முடியவில்லை.

நாளைக் காலையில் முதல் பஸ் நகரிக்குப் போகிறது. கூலி நோட்டை எடுத்துக்கொண்டு அதில் போக இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தமிழ் நன்றாகப் பேசுகிறவர், ஒருவர் தெலுங்கு நன்றாகப் பேசுகிறவர். யார் வருகிறீர்கள்? கையைத் தூக்குங்கள்.